கவலைக்கு ஒதுக்கிய அரை மணி நேரம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு காரின் ஓட்டுநர் இருக்கையில் கிடைத்தது. ஓட்டிக்கொண்டிருந்தவன் நான்தான். (ஓட்டிக்கொண்டிருந்தேன் என்பது கொஞ்சம் மிகை. தலை நரைத்த பிறகு கார் கற்றுக்கொள்ள வந்தவன் செய்வதற்கு வேறு சொல் கிடைக்கவில்லை.) பக்கத்து இருக்கையில் பயிற்சியாளர். இரண்டாவது பிரேக்கின் மேல் அவருடைய பாதம் எப்போதும் காத்திருக்கும்.

சிக்னலில் நின்றபோது அவர் தன் தம்பியைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். அதற்குள் பச்சை விழுந்துவிட்டது. நான் கிளட்சை விட்ட விதத்தில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நடுச்சாலையில் அணைந்தது. பின்னால் ஹாரன்கள் கத்தின. "பரவாயில்ல, மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார் அவர். எனக்குக் கை வரவில்லை.

அந்த வாக்கியத்தை இப்போதே எழுதிவிடலாம். ஆனால் அவருக்கே அது முன்னறிவிப்பில்லாமல்தான் வந்தது. அவர் இருந்த இடத்தில் உங்களையும் உட்காரவைக்க வேண்டும். கொஞ்சம் பொறுங்கள்.

2

முதல் தொடக்கம்: "அன்று காலை அவளுடைய இதயம் நின்றுவிட்டது போல—"

அடித்துவிட்டேன். இதயம் நிற்கவில்லை, நன்றாகவே ஓடியது. எல்லாச் சோதனையிலும் அது நன்றாக ஓடியதுதான் அவளுக்குப் பெரிய தொந்தரவு.

இரண்டாம் தொடக்கம்: "பழக்கம் என்பது மனத்தின் தண்டவாளம். அதில்—"

இதையும் அடித்தேன். கல்லூரி மலரில் வரும் கட்டுரை வாடை.

மூன்றாவது, நேராகவே சொல்லிவிடுகிறேன். (இனிமேல் பயிற்சியாளரை 'அவள்' என்றே எழுதுகிறேன். மரியாதை வண்டிக்குள் இருக்கட்டும். கதைக்குள் அது குறுக்கே நிற்கிறது.)

அவளுக்கு எந்த விபத்தும் நடக்கவில்லை. யாரும் சாகவில்லை. ஒரு சாதாரண காலையில், ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு ரிவர்ஸ் எடுக்கக் கற்றுத்தரும்போது மூச்சு அடைத்தது. செத்துப்போகிறோம் என்று நினைத்தாள். மருத்துவமனையில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். அதன் பிறகு காலையில் கண் திறந்தாலே நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்திருப்பார்கள். வேலைக்குப் போனாள், வந்தாள். சாப்பாடு மண் மாதிரி இருந்தது. தலை வாருவதற்குக்கூடத் தன்னிடமே கெஞ்ச வேண்டியிருந்தது.

மனநல ஆலோசகரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார்கள். அதுவரை மருத்துவமனையிலேயே ஓர் ஆராய்ச்சிப் பரிசோதனை நடக்கிறது, சேர்ந்துகொள்ளலாம் என்றார் அங்கிருந்த நர்ஸ். மருந்து எதுவும் கிடையாது. போனில் சில தினசரிப் பழக்கங்கள் வரும். பிடித்ததைத் தேர்ந்தெடுத்துத் தானாகவே செய்துபார்க்க வேண்டும். வாரம் ஒருமுறை நர்ஸ் கூப்பிட்டு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார்.

அவள் மூன்றைத் தேர்ந்தெடுத்தாள். காலையில் வெளிச்சத்தில் நடப்பது. தள்ளிப்போட்ட வேலைகளில் ஒன்றைத் தினமும் முடிப்பது. மூன்றாவதுதான் அவளுக்கே சிரிப்பை வரவழைத்தது: கவலைப்படுவதற்கென்று நாளில் அரை மணி நேரம் ஒதுக்கி, மற்ற நேரத்தில் வரும் கவலையை எல்லாம் "அப்புறம் வா" என்று திருப்பி அனுப்புவது. அரை மணி முடிந்து போன் மணியடித்தால் எழுந்துவிட வேண்டும். பாதிக் கவலையில் இருந்தாலும் சரி.

3

இங்கே தம்பி வருகிறான்.

அவளும் அவனும்தான் அந்த வீட்டில். அவள் விவாகரத்தானவள், அவன் கல்யாணமே வேண்டாம் என்றவன். ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் பழுதுபார்ப்பது அவன் தொழில். தெருவில் அவனுக்கு 'ரேடியோ' என்று பெயர். வேலைக்குப் போன வீட்டில் மெஷின் ஓடுகிறதோ இல்லையோ, இவன் வாய் ஓடும்.

காலையில் அவளை எழுப்பி நடக்க இழுத்துப்போனவன் அவன்தான். அவள் போர்வையை இழுத்து மூடினால் காலடியில் நின்று வானிலை அறிக்கை வாசிப்பான். மழைக்கு வாய்ப்பில்லை, அக்கா எழுந்திருப்பதற்கும் வாய்ப்பில்லை என்று. எரிச்சலில் எழுந்துவிடுவாள். பூங்காவைச் சுற்றி வரும்போது அவன் பேசிக்கொண்டே வருவான், அவள் பேசாமல் வருவாள். பாவம், எனக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறான் என்று நினைப்பாள்.

மாலையில் கவலை நேரத்துக்கும் துணைக்கு வந்து உட்கார்ந்தான். சமையலறை மேஜை, இரண்டு கப் டீ. அவள் கவலைகளைச் சொல்லச் சொல்ல அவன் பழுதுபார்க்கிறவனைப் போலத் தலையாட்டிக் கேட்பான். கடைசியில் ஒருநாள் தீர்ப்புச் சொன்னான்: "உன் கவலையெல்லாம் ரொம்பப் பழைய மாடல்க்கா. இதுக்கெல்லாம் இப்ப பார்ட்ஸே கிடைக்காது."

அவள் சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. வெளியே வந்த சத்தம் அவளுக்கே அந்நியமாக இருந்தது. அந்த வாரம் நர்ஸ் கூப்பிட்டபோது, கொஞ்சம் தேவலை என்று முதல்முறையாகச் சொன்னாள்.

4

(எழுதுகிறவனின் சந்தேகம், அப்படியே கிடக்கட்டும்: இந்தத் தம்பி கதைக்கு எதற்கு? டீ கொண்டுவருகிறான், தமாஷ் செய்கிறான், போய்விடுகிறான். முதல் பிரதியில் அவனை வெட்டிவிடலாமா என்றுகூட ஓரத்தில் எழுதி வைத்தேன். நடந்தது என்னவென்று முழுவதும் தெரிந்த பிறகும் அப்படி எழுதியிருக்கிறேன் என்பதை நேற்றுத்தான் கவனித்தேன். சிரிக்கவைக்கிறவனை யாரும் இரண்டாவது தடவை பார்ப்பதில்லை போலிருக்கிறது, எழுதுகிறவன்கூட.)

5

அன்று அவளிடம் கவலை தீர்ந்துபோயிருந்தது. தேடிப் பார்த்தாள், சொல்லும்படி ஒன்றும் இல்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது.

அப்படியென்றால் இன்றைக்கு நான் சொல்லவா என்று கேட்டான் தம்பி. சொல்லு என்றாள். அவனுக்கு விழுந்துகொண்டிருக்கும் வழுக்கையைப் பற்றித்தான் இருக்கும் என்று நினைத்து, சிரிப்பதற்கு முகத்தைத் தயாராகவும் வைத்துக்கொண்டாள்.

தமாஷ் சொல்லும் அதே குரலில் சொன்னான்: "தூங்கப் போறப்ப, நாளைக்கு முழிக்காமலே போயிட்டா நல்லா இருக்கும்னு நெனச்சுட்டுத்தான்க்கா படுக்கறேன். ரொம்ப நாளா."

போன் மணியடித்தது. அரை மணி முடிந்துவிட்டது.

அவன் எழுந்தான். இரண்டு கப்பையும் எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்தான். "டைம் ஆயிடுச்சு, எந்திரி" என்றான். விதி அதுதானே.

தயாராக வைத்திருந்த சிரிப்பு அவள் முகத்திலேயே இருந்தது. அதை எடுக்கத் தெரியவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. குழாயில் தண்ணீர் விழுந்தது. அவன் கப்பின் விளிம்பில் இருந்த கறையைக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தான், மிகவும் அக்கறையாக. எப்போதும் போன்ற முதுகு. எப்போதும் போன்ற சட்டை. இவனா? இந்த மேஜையில் தினமும் எதிரே உட்கார்ந்திருந்த இவனா? தான் கொட்டிய அத்தனையையும் வாங்கிக்கொண்டு, அதற்கு மேல் இதையும் வைத்துக்கொண்டு எப்படி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்?

மூச்சு அடைக்கும் என்று காத்திருந்தாள். அடைக்கவில்லை. அது இன்னொரு அதிர்ச்சி. சாலையில் ஒரு நாய் குறுக்கே வந்தாலே படபடக்கும் நெஞ்சு, அன்று கல் மாதிரி அமைதியாக இருந்தது.

மணியை நிறுத்திவிட்டு எழுந்துபோய்க் குழாயை மூடினாள்.

"உக்காரு."

"மணி அடிச்சாச்சுக்கா. ரூல்."

"ரூல் கெடக்கு. நீ உக்காரு."

உட்கார்ந்தான். கையில் ஈரம் சொட்டியது. அவள் நேராகவே கேட்டாள்: "சாகணும்னு தோணுதாடா?"

கேட்டது தன் வாய்தானா என்று அவளுக்கே திகைப்பு. அவனுக்கும்தான். கை ஈரத்தைச் சட்டையில் துடைத்தான்.

"தெரியலக்கா. சாகணும்னு இல்ல. இருக்கணும்னும் இல்ல. சில நாள் ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

6

அவள் நர்ஸைக் கூப்பிட்டாள். நர்ஸ் தம்பியிடமும் பேசினார். பிறகு, தனியாக விடவேண்டாம், இப்போதே கூட்டிவாருங்கள் என்றார்.

இந்த இடத்தில் நான் இப்படி எழுதியிருந்தேன்: "மாதக்கணக்கில் பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தவள், அன்று ஸ்டியரிங்கைப் பிடித்தாள். கைகள் நடுங்கவில்லை. நகரம் வழிவிட—"

பயிற்சியாளர் படித்துவிட்டுத் தலையிலடித்துக்கொண்டார். "டாக்சியிலதான் போனோம். அந்த நெலமையில நான் ஓட்டியிருந்தா ரெண்டு பேரும் வேற வார்டுக்குத்தான் போயிருப்போம்."

ஆகவே டாக்சி. பின்சீட்டில் அக்காவும் தம்பியும். முன்னால் டிரைவர் பாட்டை வைத்தார், யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அவள் பாதி அழுகையில், உனக்குள் இவ்வளவு இருக்கும்போது எனக்காக ஏன் தினமும் நடக்க வந்தாய் என்று கேட்டாள்.

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னான்: "உனக்காக இல்லக்கா. எனக்காகத்தான் வந்தேன். தனியாப் போக முடியல. உன்னை எழுப்பணும்னா நான் எழுந்திருச்சுத்தானே ஆகணும்."

போனில் அவளுக்கு வந்த பழக்கங்களையெல்லாம் அவனும் படித்திருக்கிறான். யாருக்கும் தெரியாமல், பரிசோதனையில் பெயரே இல்லாமல் அத்தனையையும் செய்துபார்த்திருக்கிறான். பயன் இருந்ததா என்று கேட்டாள். நடக்கும்போது கொஞ்சம் லேசாக இருக்கும், ஆனால் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது மறுபடி வந்துவிடும் என்றான். தன்னைப் பிடித்து நிறுத்திய கயிறு அவனுக்கு எட்டவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவனுக்கு வேண்டியிருந்தது மருத்துவர்.

மருத்துவமனை வரவேற்பில் பெயர் கேட்ட பெண்ணிடம்கூட அவன் ஏதோ தமாஷ் சொன்னான். அந்தப் பெண் சிரித்தாள். மருத்துவரின் கதவு மூடிய கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அவன் அழும் சத்தம் கேட்டது. அக்கா குழாய் மாதிரி நீண்ட அந்த வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள். நர்ஸ் வந்து, உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். அவள் நர்ஸின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

7

முடிவுகள்.

அ) மருந்தும் ஆலோசனையும் வேலை செய்கின்றன. தம்பி தேறிவிடுகிறான். அக்காவும். பூங்காவில் இருவரும்—

ஆ) தேறியது போல இருக்கிறது. ஆனால் இப்போது அவன் சிரிக்கும்போதெல்லாம் அக்கா பயந்து—

இ) (இதை எழுத எனக்குத் துணிவில்லை. இடம் மட்டும் விட்டிருந்தேன்.)

மூன்றையும் வைத்துப் பிரதியை அவர்களிடம் கொடுத்தேன். தம்பி என் எதிரிலேயே உட்கார்ந்து படித்தான். சரி, படித்தார். தன் தமாஷ்கள் வந்த இடத்திலெல்லாம் சிரித்தார். ஐந்தாம் பகுதியில் சிரிப்பு நின்றது. கடைசிப் பக்கத்தில், எழுதாமல் விட்ட அந்த மூன்றாவது இடத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இதை எடுத்துடுங்க" என்றார். எடுத்துவிடுகிறேன் என்றேன்.

"முதல் ரெண்டையும்."

ஏன் என்று கேட்டேன்.

"மாத்திரை சாப்பிடறேன். வாராவாரம் போய்ப் பேசறேன். சில நாள் நல்லா இருக்கு. நேத்து நல்லா இல்ல, அக்காகிட்ட சொன்னேன். அவ்வளவுதான் எனக்கே தெரியும் சார். உங்களுக்கு எப்படி அதுக்கு மேல தெரிஞ்சுது?"

என் பேனாவை வாங்கி அவரே மூன்றையும் அடித்தார். பிரதியைத் திருப்பித் தந்துவிட்டு, யார் வீட்டிலோ ஃப்ரிட்ஜ் தண்ணீர் ஒழுகுகிறது என்று கிளம்பிப் போனார். மாடிப்படியில் யாரிடமோ பேசிக்கொண்டே இறங்கும் குரல் கேட்டது.

இந்நேரம் நீங்களும் மனத்துக்குள் ஒரு முடிவை எழுதியிருப்பீர்கள். தயவுசெய்து அதையும் அடித்து—