அக்கா எடுத்த பூச்சி

அந்தத் தெருப் பெண்களின் புருவங்களெல்லாம் ஒரே கைவண்ணம். செருப்புக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் இரண்டு நாற்காலி போட்ட அழகு நிலையம், அதற்குள் பல்லில் நூலைக் கடித்தபடி ஒருத்தி. நூல் வாயில் இருப்பதால் அவளால் பேச முடியாது. அவளால் பேச முடியாது என்பதாலேயே வருகிறவர்கள் மனசில் இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டுப் போவார்கள். எந்த மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், எந்த மாமியார் வாயைத் திறந்தால் மூடுவதில்லை, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. தன் வீட்டுக் கதையை மட்டும் யாரிடமும் மூச்சுவிட மாட்டாள். அவளுக்கு ஒரு தம்பி இருந்தான்.

அவனை எல்லோரும் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஓரிடத்தில் உட்காராத பிறவி. அம்மாவும் அப்பாவும் போனபிறகு அவனுக்குச் சோறூட்டியதும் அக்காதான், முதுகில் நாலு சாத்தியதும் அக்காதான். வளர்ந்து ஒரு சரக்குக் கிடங்கில் வண்டி ஓட்டப் போனான், பெட்டிகளைத் தூக்கி அடுக்குகிற வண்டி. ஒரு ஷிப்டோடு அடுத்த ஷிப்டையும் சேர்த்துப் பார்க்கலாமே என்று, கூட வேலை செய்த புண்ணியவான் ஒருத்தன் கண்ணாடிச் சில்லு மாதிரி எதையோ கொடுத்தான். ஐஸ் என்கிற போதைச் சரக்காம். பெயரில் மட்டும்தான் குளிர்ச்சி. அன்றைக்குப் பம்பரம் மூன்று பேர் வேலையை ஒற்றை ஆளாகப் பார்த்தான். பசியில்லை, தூக்கமில்லை, தன்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்புக்காக மறுபடி போட்டான். கொஞ்ச காலத்தில் நினைப்பு வருவது நின்றுபோனது. போடாவிட்டால் படுக்கையிலிருந்து எழ முடியாது என்பதுதான் மிச்சம்.

வருஷம் திரும்புவதற்குள் ஆள் பாதியானான். கன்னம் ஒட்டிப்போயிற்று. வாயில் ஒன்றும் இல்லாதபோதும் தாடை எதையோ அரைத்துக்கொண்டே இருந்தது. நாக்கு வறண்டு, ஈறோரம் கறுத்து, பல் ஒவ்வொன்றாக உடைந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு சட்டையை உதைத்தது. வேலையும் போயிற்று. அதற்கப்புறம் சந்தேகம் பிடித்துக்கொண்டது. கிடங்கு ஆட்கள் பின்னாலேயே வருகிறார்கள், எதிர் மாடியில் ஒருத்தன் நின்று பார்க்கிறான், சுவருக்குள் யாரோ தன் பேரைச் சொல்லிப் பேசுகிறார்கள், மாமா சோற்றில் ஏதோ கலக்கிறார். மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர், எறும்புக்குக்கூட வழிவிட்டு நடக்கிற மனுஷர். இந்த உலகத்தில் பம்பரம் நம்பியது ஒரே ஒருத்தியைத்தான். அந்த நம்பிக்கையும் போய்விட்டால் அவன் கைக்கு எட்டாமலே போய்விடுவான் என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு மத்தியானம், கடையில் யாருமில்லாத நேரமாகப் பார்த்து வந்தான். கதவைத் தாழிட்டான். வெயில் கொளுத்துகிறது, இவன் முழுக்கைச் சட்டை போட்டிருக்கிறான். கையைச் சுருட்டிவிட்டு அவள் முன்னால் நீட்டினான். முழங்கைக்குக் கீழே தோல் என்று சொல்ல ஒன்றும் பாக்கியில்லை. சொறிந்து சொறிந்து குழி விழுந்த புண்கள், பாதி காய்ந்தும் பாதி ஈரமாகவும்.

“உள்ள ஓடுதுக்கா. தோலுக்கு அடியில, பூச்சி. யாரும் நம்ப மாட்டேங்குறாங்க. உன்கிட்ட லென்ஸ் விளக்கு இருக்கில்ல, நீ பாரு.”

அவள் அவனை நாற்காலியில் சாய்த்தாள். முகத்தில் கரும்புள்ளி எடுக்கும்போது இழுத்துக்கொள்கிற லென்ஸ் விளக்கைக் கைக்கு மேலே கொண்டுவந்தாள். பூச்சியும் இல்லை, புழுவும் இல்லை. ஒரு புண்ணோரத்தில் முடி ஒன்று வெளியே வர வழியில்லாமல் தோலுக்குள்ளேயே சுருண்டு கிடந்தது. அவள் தினமும் பார்க்கிற சங்கதிதான். முடி பிடுங்குகிற சின்ன இடுக்கியால் நெம்பி எடுத்தாள். கறுப்பாக, வளைந்து, இடுக்கி நுனியில் அது நடுங்கியது. நடுங்கியது அவள் கை.

“பாத்தியா,” என்றான் அவன். கண் தளும்பிவிட்டது. “நான் பொய் சொல்லலக்கா.”

முடிடா இது என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் எத்தனையோ நாளாகக் காணாமல் போயிருந்த தம்பி அந்த முகத்தில் ஒரு நொடி எட்டிப் பார்த்தான். பாவிமகள், அங்கேதான் சறுக்கினாள்.

“ஆமாடா. எடுத்துட்டேன். இனிமே இல்ல.”

அன்றைக்கு அவன் நாற்காலியிலேயே தூங்கிப்போனான். அவன் தூங்கிப் பார்த்தே பல நாள் ஆகியிருந்தது. அவள் வந்தவர்களையெல்லாம் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, அவன் மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நம்மால் முடிந்துவிட்டது என்றுகூட நினைத்தாள்.

மறுபடி வந்தான். இந்தத் தடவை கழுத்தில் என்றான். அடுத்த தடவை தாடையில். தோலுக்குள் சுருண்ட முடி எல்லா நாளும் கிடைக்குமா? அவள் துண்டின் மடிப்பிலிருந்து, காலையில் யாருக்கோ எடுத்த புருவ முடி ஒன்றைச் சத்தமில்லாமல் விரலிடுக்கில் வைத்துக்கொண்டாள். புண்ணருகே இடுக்கியை வைத்து ஒரு திருகு, ஒரு இழுப்பு. இதோ வந்துவிட்டது பார். சொன்னால் வெட்கக்கேடு, அந்தத் தெருப் பெண்களின் புருவமெல்லாம் பூச்சியாகி அவன் உடம்பிலிருந்து வெளியே வந்தன. அவன் அவற்றைப் பழைய கிரீம் டப்பா ஒன்றில் போட்டு மூடி வைத்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள் கெஞ்சாத நாளில்லை. எல்லாவற்றையும் எடுத்து முடி, அப்புறம் நீ எங்கே கூப்பிட்டாலும் வருகிறேன் என்றான் அவன். இந்த ஒரு வாக்கைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எடுத்துக்கொண்டே இருந்தாள். எடுக்க எடுக்க அவனுக்குக் கிடைக்கும் நிம்மதி சுருங்கியது. முதலில் நாள் கணக்கில் நின்றது, பிறகு பொழுது சாயும்வரை, பிறகு வாசற்படி தாண்டும்வரை.

அவள் வாடிக்கையாளர்களில் ஒரு நர்ஸ் இருந்தாள். போதையிலிருந்து மீட்கிற வார்டில் வேலை. தெரிந்தவர் வீட்டுப் பையனுக்கு என்று இவள் ஊரைச் சுற்றி வளைத்து விஷயத்தைச் சொல்லிவிட்டு, நூலைக் கடித்துக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். நர்ஸ் கண்ணை மூடியபடியே சொன்னாள்.

“அந்தச் சில்லு போடுறவங்களுக்கு இது வர்றதுதான். பூச்சியெல்லாம் கிடையாது, மூளை காட்டுற படம். நிறுத்தினா நிறைய பேருக்கு அடங்கிடும், சிலருக்கு ரொம்ப நாள் இழுக்கும். கூட்டிட்டு வரச் சொல்லுங்க, நான் பாத்துக்கறேன். ஆனா ஒண்ணு, ஆமா பூச்சி இருக்குன்னு மட்டும் யாரும் ஒத்துப் பாடக் கூடாது. அப்புறம் அவனை வெளிய கொண்டுவரவே முடியாது.”

நூல் அறுந்தது. வேறு நூல் எடுத்தாள், அதுவும் அறுந்தது. நர்ஸ் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, அந்தப் பையன் உங்கள் தம்பியா என்று மெதுவாகக் கேட்டாள். ஆமாம் என்று இவள் தலையை மட்டும் ஆட்டினாள். தான் செய்து வருகிற காரியத்தைச் சொல்லவில்லை.

சொல்லியிருந்தால் தேவலை. அதற்குப் பிறகும் அவன் வந்தான், அவளும் எடுத்தாள். இப்போது அவளுக்கே வேறொன்று தொடங்கியிருந்தது. லென்ஸுக்கு அடியில் தோலை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் துளைகளெல்லாம் திறந்து மூடுவது போலத் தெரியும். ஒரு நாள் அவன் காட்டிய இடத்தில், மணிக்கட்டு நரம்புக்குப் பக்கத்தில், ஏதோ ஒன்று தோலை உள்ளிருந்து மேலே தள்ளி மறுபடி அமுங்கியது. நாடித் துடிப்புதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். துடிப்பு இடம் மாறுமா என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டது. அவன் போனபிறகு கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். துடைத்துவிட்டு மறுபடியும் கழுவினாள்.

கடைசியில் ஒரு காலை அவனே போன் செய்தான். எல்லாம் போய்விட்டதாம், உடம்பு லேசாக இருக்கிறதாம், இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலாமாம். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்காரரை ஆட்டோ பிடித்து வரச் சொன்னாள். நர்ஸுக்கும் சொன்னாள். கடையைத் திறந்து தம்பிக்காகக் காத்திருந்தாள்.

தலை சீவி, வெள்ளைச் சட்டை போட்டு வந்தான். வந்ததும் கதவைத் தாழிட்டான். அவள் முகத்தைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

“அக்கா,” என்றான், அவ்வளவு அன்பாக. “உனக்கு வந்துருச்சு.”

“என்னடா வந்துச்சு?”

“புருவத்துல. என்கிட்டேர்ந்து எடுத்து எடுத்து உனக்கு ஒட்டிக்கிச்சு. என்னாலதான். உக்காரு.”

அவள் துண்டை உதறிக் காட்டினாள். இதெல்லாம் முடிடா, வந்தவங்க புருவ முடி, உன் நிம்மதிக்காக நான் பொய் சொன்னேன், பூச்சியே கிடையாது என்று மூச்சுவிடாமல் கொட்டினாள். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். கோபப்படவில்லை. காய்ச்சல்காரக் குழந்தையைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தான்.

“அது அப்படித்தான் பேச வைக்கும். உன்னை இப்படியே விட்டுட்டு நான் எங்கயும் வர மாட்டேன்.”

கத்தினால் செருப்புக்கடைக்காரர் ஓடிவருவார். ஆள் வந்தால் இவன் ஓடிவிடுவான். ஓடினால் இனி யாரையும் நம்ப மாட்டான், அக்காவையும் சேர்த்து. ஆட்டோ வந்துகொண்டிருக்கிறது. அவள் தன் நாற்காலியில் தானே போய்ச் சாய்ந்தாள்.

அவன் லென்ஸ் விளக்கை இழுத்து வைத்தான். அவள் தாடையை விரலால் தாங்கிப் பிடித்தான், அவள் அவனைப் பிடிக்கும் அதே பிடி. மாதக்கணக்காக நடுங்கிக்கொண்டிருந்த அந்தக் கை இப்போது கல்லாக நின்றது. அசையாதே, கொஞ்சம்தான், கொஞ்சம்தான் என்று சொல்லிக்கொண்டே எடுத்தான். அதுவும் அவனுக்கு எடுக்கும்போது அவள் சொல்கிற பேச்சுதான். ஒவ்வொன்றையும் அவள் கண்முன் பிடித்துக் காட்டினான். ஓடுது பார் என்றான். ஆமா என்றாள் அவள். இன்னொன்று. ஆமா. கண்ணீர் காதுக்குள் வழிந்தது. கண்ணாடியில் அவளுடைய வலது புருவம் ஓரத்திலிருந்து கரைந்துகொண்டே வந்தது. அந்த இடம் சிவந்து ரத்தம் பொட்டுப் பொட்டாகத் துளிர்த்தது. புருவம் முடிந்தது. இடுக்கி இமைக்கு இறங்கியது.

“கண்ணுக்குள்ள போகுதுக்கா. திற.”

இடுக்கியின் நுனி லென்ஸில் விரல் தடிமனுக்குத் தெரிந்தது. வெளியே ஆட்டோ ஹாரன் அடித்தது. அவன் காதில் அது விழவே இல்லை.

“டேய் பம்பரம்,” என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். “கண்ணுக்கு இந்த லென்ஸ் பத்தாதுடா. ஆஸ்பத்திரியில பெருசு இருக்கு. என்னைக் கூட்டிட்டுப் போறியா?”

இடுக்கி அங்கேயே நின்றது. அவன் யோசித்தான். பிறகு அதைத் துடைத்து மேசையில் வைத்துவிட்டு, அவளைக் கைத்தாங்கலாக எழுப்பினான். ஆட்டோவில் மாமா இருந்ததைக்கூட அவன் பொருட்படுத்தவில்லை.

வார்டு வாசலில் நர்ஸ் அவளைப் பார்த்தாள், ஒற்றைப் புருவத்தைப் பார்த்தாள், எல்லாம் புரிந்துபோயிற்று அவளுக்கு. டாக்டர் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார். பம்பரம் அக்காவைக் காட்டி, என்னிடமிருந்து தொற்றியது, கண்வரைக்கும் வந்துவிட்டது என்றான். டாக்டர் அவளைப் பார்த்தார். இனியும் பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

“பூச்சி இல்ல டாக்டர். எல்லாமே முடி. நான்தான் அவனை நம்ப வெச்சேன்.”

பம்பரம் டாக்டர் பக்கம் குனிந்து, ரகசியம் பேசுகிறவன் போலச் சொன்னான்.

“பாத்தீங்களா, மூளைக்கு ஏறிடுச்சு. இவங்க எனக்கு அம்மா மாதிரி. இவங்களுக்குச் சரியாகுறவரைக்கும் நான் இங்கதான் இருப்பேன். எனக்கு என்ன ஊசி வேணாலும் போடுங்க.”

டாக்டர் அவனுக்கு அட்மிஷன் சீட்டு எழுதினார். நர்ஸ் அவன் தோளைத் தொட்டு உள்ளே அழைத்துப் போனாள். அவன் திரும்பித் திரும்பி அக்காவைப் பார்த்துக்கொண்டே போனான், பயப்படாதே என்று கையைக் காட்டினான். கதவு மூடியது. அவள் பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். இத்தனை நாள் ஏங்கியது நடந்துவிட்டது, அவள் சொன்ன பொய்யாலேயே நடந்துவிட்டது. வீட்டுக்காரர் தண்ணீர் வாங்கப் போனார்.

புருவம் இருந்த இடம் எரிந்தது. எரிச்சல் மெல்லக் குறுகுறுப்பாக மாறியது. அவள் அறியாமலே விரல் அங்கே போனது, சொறிந்தது. நகத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. தூக்கிப் பார்த்தாள், அவன் விட்டுவைத்த கடைசி முடி. முடிதான், வேறென்ன. எழுந்துபோய் டியூப்லைட்டுக்கு நேரே விரலைப் பிடித்தாள். முடிதான் என்று வாய்விட்டே சொன்னாள். சொல்லியும் விரலை இறக்காமல், அது அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.