எங்கள் கடைத்தெருவில் அவர்கள்

மேற்கு ஆப்பிரிக்கத் துறைமுக ஊரான காலபாரில், நீதிமன்றத்தின் கடைசி வரிசையில் உகோயே தலைத்துணியை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். வர வேண்டாம் என்று கணவன் அர்ச்சிபாங் சொல்லியிருந்தான். வெள்ளைக்காரன் போவதற்குள் காலபாரின் எஃபிக் மக்களுக்குத் தனி மாநிலம் பிரித்துத் தரவேண்டும் என்று கேட்கப் பள்ளி வாத்தியாரான அவனைத்தான் ஊர் தேர்ந்தெடுத்திருந்தது. அந்தக் கோரிக்கையை விசாரிக்க லண்டனிலிருந்து நான்கு துரைமார் வந்திருந்தார்கள்.

அவன் நன்றாகவே பேசினான். "விடுதலை வந்தா இக்போக்காரங்க எண்ணிக்கைக்கு முன்னால நாங்க என்ன ஆவோம்? எங்க கடைத்தெருவப் பாருங்க. துணிக்கடை அவங்களோடது. லாரி அவங்களோடது. நாங்க எங்க ஊர்லயே விருந்தாளி."

கூட்டம் கைதட்டியது. உகோயேவின் கைகள் மடியிலேயே கிடந்தன. அந்தத் துணிக்கடை அவள் தம்பி ஒபிதிகேயுடையது. கல்யாணமான புதிதில், அவனை இங்கே வரவழைத்துக் கடைக்கு இடம் பிடித்துக் கொடுத்தவனே அர்ச்சிபாங்தான்.

அரசுத் தரப்பு வக்கீல் எழுந்தார். "உங்கள் வீட்டில் இக்போ இனத்தார் யாராவது உண்டா?"

அர்ச்சிபாங் தண்ணீர் குடித்தான். "என் மனைவி. ஆனா அவ இப்ப எங்க ஆளு."

முன்வரிசைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி அவளைப் பார்த்தன.

சாயங்காலம் சாப்பாட்டை வைத்துவிட்டு அவள் எதிரில் நின்றாள்.

"நான் உன்னையா சொன்னேன்?" என்றான் அவன். "ஊருக்காகப் பேசினேன். பொய் ஏதாவது சொன்னேனா?"

"பொய் சொல்லல, வாத்தியாரே. அதான் வலிக்குது. நாளைக்கு ஒங்க மாநிலம் வந்து, தம்பிய மூட்டை கட்டச் சொன்னா, நான் எந்தப் பக்கம் நிக்கணும்?"

அவன் குழம்புக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். மகள் இன்யாங் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மறுநாள் ஒபிதிகே கடை திறக்கவில்லை. அக்கா வீட்டுப் பக்கமும் வரவில்லை. உகோயே வழக்கம்போல மீன்கூடையோடு சந்தைக்குப் போனாள். பத்து வருஷமாகப் பக்கத்தில் மிளகாய் விற்கும் எஃபிக்காரி இக்வோ, தன் பாயை ஒரு கை தூரம் தள்ளி விரித்திருந்தாள்.

"வெயில் படுது, அதான்," என்றாள் இக்வோ, நிமிராமல்.

வெயிலே இல்லை. வானம் முழுக்க வடகாற்றுப் புழுதி. உகோயே கூடையைத் தன் இடத்திலேயே இறக்கினாள். இருவருக்கும் நடுவே, இத்தனை காலம் பாய் கிடந்த தரை மட்டும் வெளிறிச் சுத்தமாகத் தெரிந்தது. அதன்மேல் புழுதி மெல்லப் படிந்துகொண்டிருந்தது.