ஆறு மணி நேர வெளிச்சம்

என் பெயர் பாலகுரு. வயது இருபத்து நான்கு. ஷார்ஜாவில் ஒரு மீன் தொட்டிக் கடையின் பின்னறையில், மதியச் சாப்பாட்டு இடைவேளையில் பேசிக்கொண்டிருக்கிறேன், போன் எழுதிக்கொள்கிறது. காலையிலிருந்து தண்ணீரில் ஊறின விரலுக்கு எழுத்து சிக்குவதில்லை. இந்தக் குடும்ப குரூப்பில் அப்பா இல்லை, அவரிடம் இருப்பது பட்டன் போன். அதனால்தான் இங்கே சொல்கிறேன்.

போன லீவில் மரக்காணத்தில் எங்கள் முன்னறையில் இரண்டடித் தொட்டி ஒன்று வைத்துவிட்டு வந்தேன். எங்கள் தெரு போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. கேன் தண்ணீர் வாங்கி ஊற்றி, அடியில் மண் பரப்பி, நீர்ச்செடிகள் நட்டு, ஆறு கப்பி மீன்கள் விட்டேன். லைட்டை மட்டும் இங்கிருந்தே கொண்டுபோனேன். செடித் தொட்டிக்கு லைட் பார்த்துக் கொடுப்பதுதான் கடையில் என் வேலை. வருகிறவர்கள் எல்லோரும் பெரியதைத்தான் கேட்பார்கள். வெளிச்சம் கூடினால் செடிக்கு முன்னால் பாசி வளர்ந்துவிடும் என்று நாளைக்கு இருபது தடவை சொல்லித் தொண்டை வற்றிவிடுகிறது. அதனால் எங்கள் தொட்டிக்குச் சின்ன லைட், ஆறு மணி நேரத்தில் தானாக அணைக்கிற டைமர்.

மாட்டிய அன்றே அப்பாவுக்குப் பிடிக்கவில்லை.

"இன்னாடா இது, மின்மினியப் புடிச்சி ஒட்ட வச்ச மாதிரி இருக்குது? ஷார்ஜால இதவிட பெருசு இல்லியா?"

"இருக்குதுப்பா. இந்தச் செடிக்கு இது போதும்."

"மேகம் போட்டா எந்தப் பாத்தியிலடா உப்பு எறங்குது? செடிக்கு மட்டும் ஆறு மணி நேரம்னு கடிகாரம் மாட்டி வச்சிக்கினு..."

முப்பது வருஷமாக உப்பளத்தில் உப்பு வாருகிறவர். அவருக்கு எந்த வெயிலும் போதாது. அப்படித்தான் நினைத்துச் சிரித்தேன்.

போன வாரம் வீடியோ காலில் தங்கை செந்தமிழ் தொட்டியைக் காட்டினாள். கண்ணாடி முழுக்கப் பச்சை. செடிகள் மேல் நூல் நூலாகப் பாசி.

"டைமர அப்பா புடுங்கிட்டாருண்ணா. காத்தால போட்டா படுக்குற வரைக்கும் எரியுது. நான் அணைச்சா திரும்ப வந்து போடுறாரு."

நாள் முழுக்கக் கடையில் கெஞ்சின எரிச்சலெல்லாம் அப்பா மேல் இறங்கியது. "ஏம்பா, ஊருக்கெல்லாம் நான் சொல்லித் தர்றேன். நம்ம வூட்டுத் தொட்டியே இப்பிடிக் கெடக்குது. மானம் போவுதுப்பா."

அப்பா கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, தொட்டியில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்தார்.

"சும்மா கத்தாத. எல்லாம் நல்லாத்தான் இருக்குது. தோ, இந்தச் செவப்பு மீனப் பாரு. நான் வந்தா நவுராம நிப்பான். பழகிட்டான்."

அவர் விரல் வைத்த இடத்தில் மீன் இல்லை. தண்ணீர் சுத்தம் செய்கிற மோட்டாரில் ஒட்டியிருந்த சிவப்பு ஸ்டிக்கர்தான் இருந்தது.

செந்தமிழ் சிரிக்க ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திவிட்டாள். "ஆமாம்பா, நல்லா பழகிட்டான்" என்றேன்.

அன்றிலிருந்து ஒன்றேதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. லீவு முடிந்து கிளம்பிய அன்று ஈசிஆரில் பஸ் ஏறி, முன் சீட்டில் உட்கார்ந்து கையாட்டினேன். அப்பா கடைசி ஜன்னலைப் பார்த்து ஆட்டிக்கொண்டிருந்தார். அங்கே என்னைப் போலவே பச்சைச் சட்டை போட்ட வேறு யாரோ ஒருவர். என் முகத்தைப் பார்த்தால் அழுதுவிடுவார், அதனால்தான் அந்தப் பக்கம் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பாவுக்குக் கண் மங்குவதை ஏன் மறைத்தாய் என்று அம்மாவைக் கேட்டதற்கு, "தெரிஞ்சா உப்பள மேஸ்திரி வேலைக்கு வேணாம்னுடுவாரு, புள்ளையும் போட்டது போட்டபடி ஓடியாந்துடுவான்னு சத்தியம் வாங்கிக்கினாருடா" என்கிறாள். கண் ஆஸ்பத்திரி என்று வாயெடுத்தால் சோற்றுத் தட்டை விட்டு எழுந்துவிடுகிறாராம்.

இதைப் படிப்பது சித்தப்பாவோ மாமாவோ, யாராக இருந்தாலும் ஒரு உதவி செய்யுங்கள். டைமரைத் திரும்ப மாட்ட வேண்டாம். பாசி வந்தால் வரட்டும், துடைத்துக்கொள்ளலாம். செவ்வாய்க்கிழமை அப்பாவைப் பாண்டிச்சேரிக்கு அழைத்துப் போங்கள். ஆஸ்பத்திரி என்று சொல்லாதீர்கள். தொட்டிக்குப் பெரிய லைட் வாங்கப் போகிறோம், நீங்கள்தான் பார்த்து எடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள், கிளம்பிவிடுவார். கண்ணைக் காட்டிவிட்டு லைட் கடைக்கும் நிஜமாகவே போங்கள். அவர் எவ்வளவு பெரியது கேட்கிறாரோ அதையே வாங்குங்கள். பஸ் ஏறும்போது மட்டும் அவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.