எதிர்ப்பு யாரும் இல்லையே?

சினிமா பார்க்கப் போகிறவள் பயந்துகொண்டு போவாளா? ஹில்டா ஆர்மராட் அப்படித்தான் போனாள்.

ஸ்கார்ஸ்டன் ஊரின் ஒரே தியேட்டரான எம்ப்ரஸில் அன்று காலை பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. லண்டனில் பெரிய ரகளையைக் கிளப்பிய ஒரு படம் வந்து இறங்கியிருந்தது. தணிக்கைக்காரர்கள் சான்றிதழ் கொடுத்தால் மட்டும் போதாது. நகர மன்றக் குழுவும் உட்கார்ந்து பார்த்துத் தலையாட்டினால்தான் உள்ளூரில் ஓட்ட முடியும். இங்கிலாந்தின் வடக்கே பல ஊர்களில் அன்றைக்கு அதுதான் வழக்கம். அந்தக் குழுவின் ஐந்து கவுன்சிலர்களில் ஹில்டாவும் ஒருத்தி.

ஹில்டாவின் பயம் படத்தைப் பற்றியது அல்ல. படம் முடிந்ததும் வரப்போகிற இரண்டு நிமிஷத்தைப் பற்றியது.

"அங்கயே ஒரு சின்ன விஷயத்தையும் முடிச்சுடுவோம்மா," என்று முந்தின நாள் குழுத் தலைவர் சிரில் ஹார்கிரீவ்ஸ் போனில் சொல்லியிருந்தார். "உங்க தெரு மொரீன் இருக்காளே, அவ வீட்டு விஷயம். கார்ப்பரேஷன் வீடுகளப் பாக்கற கமிட்டியிலயும் நாம இதே அஞ்சு பேர்தானே? டீ ஆறறதுக்குள்ள முடிஞ்சுடும்."

மொரீன் டல்லக்குக்கு மூன்று குழந்தைகள். புருஷன் போன இடம் தெரியாது. ராத்திரி பேக்கரியில் வேலை. விடியற்காலையில் யாராவது ஓர் ஆண் காரில் கொண்டுவந்து விடுவான். வாசற்படியைத் தேய்க்க மாட்டாள். எல்லாவற்றுக்கும் மேலே, ஊரே சர்ச்சுக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் முன்பக்கமே கயிறு கட்டித் துணி உலர்த்துவாள். தெரு மொத்தமும் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்துவிட்டது. கார்ப்பரேஷன் வீட்டைக் காலி செய்யச் சொன்னால் அவள் வீடற்றவர்கள் விடுதிக்குப் போக வேண்டும், பிள்ளைகள் காப்பகத்துக்குப் போக வேண்டும். அது எல்லாருக்கும் தெரியும். யாரும் அதைப் பேசுவதில்லை.

மனுவை வீடு வீடாகக் கொண்டுபோனவள் அதே தெரு ஐரீன். போன தேர்தலில் ஹில்டாவுக்காக வீடு வீடாக ஓட்டுக் கேட்டவளும் அவள்தான்.

குழுவில் முடிவெடுக்கிற முறை ரொம்பச் சுலபம். சிரில், "எதிர்ப்பு யாரும் இல்லையே?" என்பார். மூச்சு விடுகிற நேரம் பொறுப்பார். "சரி, நிறைவேறியது," என்பார். கவுன்சிலராக வந்த நாளிலிருந்து ஹில்டா அந்த மூச்சு விடுகிற நேரத்தில் வாயைத் திறந்ததே இல்லை.

தியேட்டருக்குள் நேற்றைய சிகரெட் வாடை அடித்தது. ஹீட்டர் போடவில்லை. ஐந்து பேரும் கோட்டைக் கழற்றாமலே நடுவரிசையில் உட்கார்ந்தார்கள். ஹில்டாவுக்குப் பக்கத்தில் நார்மன் பியூ. மெதடிஸ்ட் சபையில் பிரசங்கம் செய்கிறவர். பஸ் கண்டக்டர்கள் ஆள் எண்ணுகிற சின்னக் கருவி ஒன்றைக் கையில் வைத்திருந்தார்.

"எதுக்கு நார்மன் இது?"

"கெட்ட வார்த்தை எண்ணறதுக்கு. போன படத்துல விரல் வலியே வந்துடுச்சு."

"அதுல பாதி நீங்க தும்மினப்ப அமுக்கினது," என்றார் சிரில் பின்னால் சாய்ந்து. "ஏம்மா ஹில்டா, பயமா இருந்தா நார்மன் கையப் புடிச்சுக்கோ. அவரும் பயந்தாங்கொள்ளிதான், ரெண்டு பேருக்கும் உதவும்."

விளக்கு அணைந்தது.

பிற்காலத்தில் கல்லூரிகளில் போட்டுக் காட்டி அலசப் போகிற படம் என்று அன்றைக்கு அவர்களுக்குத் தெரியாது. பறக்கும் காரையும் உலோக உடையையும் எதிர்பார்த்துத்தான் ஹில்டா உட்கார்ந்திருந்தாள். வரப்போகும் காலத்துக் கதை என்றுதானே சொன்னார்கள்? திரையில் வந்தது ஒரு தெரு. ஒரே மாதிரி செங்கல் வீடுகள். பால் பாட்டில்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் தெருக்காரர்கள் ஒரு கூடத்தில் சேர்ந்து டீ குடிக்கிறார்கள். தெருத் தலைவர் நல்ல மனிதர், சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறார். கடைசியில், போகிற போக்கில் சொல்வது போல, ஒரு வீட்டு எண்ணைச் சொல்லி, "எதிர்ப்பு யாரும் இல்லையே?" என்கிறார்.

சிரிலின் அதே வார்த்தைகள்.

மறுநாள் அந்த வீட்டுக் கதவுக்குச் சாம்பல் வண்ணம் அடித்துவிட்டுப் போகிறார்கள். அவ்வளவுதான். யாரும் யாரையும் அடிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த வீட்டுக்காரர்களை யாரும் பார்ப்பதில்லை. பால்காரன் தாண்டிப் போகிறான். கடைக்காரன் அவர்களுக்குப் பின்னால் நிற்கிறவனிடம், "என்ன வேணும்?" என்கிறான். ஒரு தாய் கைக்குழந்தையோடு கதவு கதவாகத் தட்டுகிறாள். உள்ளே ரேடியோவைச் சத்தமாக வைக்கிறார்கள். குழந்தை அழுது அழுது, ஒரு கட்டத்தில் அழுகையை நிறுத்திவிடுகிறது. கேமரா அப்போது அந்தக் குழந்தையைக் காட்டவில்லை. ரேடியோவைத்தான் காட்டிக்கொண்டே இருந்தது.

ஹில்டா முன்சீட்டின் முதுகை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எழுந்து போய்விடலாமா? பாதியில் போனால் ஓட்டுப் போடும் உரிமை போய்விடும். அதுவும் நல்லதுதானே! படத்துக்கும் ஓட்டுப் போட வேண்டாம், மொரீனுக்கும் வேண்டாம். தலைவலி என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? கால் எழப் பார்த்தது. அப்போது திரையில், கூட்டத்தில் இருந்த ஒரு குமாஸ்தாப் பெண்ணின் வாய் பெரிதாக வந்தது. பேசப் போகிறாள். உதடு பிரிகிறது. நாக்கு அசைகிறது. பிறகு மெல்ல, மிக மெல்ல, அந்த வாய் மூடிக்கொண்டது.

ஹில்டா எழுந்திருக்கவில்லை.

பக்கத்தில் நார்மன் கடிகாரத்தைப் பார்த்தார். கருவி ஒரு தடவைகூட 'டிக்' என்று சொல்லவில்லை. அவருக்கு அந்தப்பக்கம் சிரில் சாண்ட்விச் காகிதத்தைப் பிரிக்கிற சத்தம். இவர்களுக்கு ஒன்றுமே ஆகவில்லையா? இல்லை, தனக்குத்தான் ஏதாவது ஆகிவிட்டதா?

கடைசிக் காட்சியில் தெருத் தலைவர் கூட்டத்தைப் பார்க்காமல் நேராகக் கேமராவைப் பார்த்தார். அதே சிரிப்பு. ஒரு வீட்டு எண்ணைச் சொன்னார். "எதிர்ப்பு யாரும் இல்லையே?" என்றார். பிறகு காத்திருந்தார். இசை இல்லை. திரையிலும் சத்தம் இல்லை, தியேட்டரிலும் இல்லை. அவர் அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஹில்டாவின் வாய் தானாகத் திறந்தது. தொண்டையிலிருந்து காற்றுகூட வரவில்லை. அவர் தலையை ஆட்டி, நன்றி சொல்லி, டீக்கோப்பையை எடுத்தார். படம் முடிந்தது.

விளக்கு வந்தபோது ஹில்டாவின் கையுறைக்குள் விரல்கள் ஈரமாக இருந்தன.

"அம்மாடி, என்ன அறுவை!" என்றார் சிரில். "இதுக்கா லண்டன்ல அந்தக் கூச்சல்? நார்மன், எத்தனை?"

"ஒண்ணுமே இல்ல. துணியும் அவிழ்க்கல, ரத்தமும் இல்ல. கூட்டம் கூட ஒழுங்கா நடத்தறாங்க. நம்ம சபையிலகூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது."

"அப்ப ஓட்டட்டும். ஆள் வந்தா சரி. எதிர்ப்பு யாரும் இல்லையே? சரி, நிறைவேறியது."

அவர் தெர்மாஸிலிருந்து டீயை ஊற்றினார். இன்னொரு கோப்பையை ஹில்டாவிடம் நீட்டினார். மனுவை மடியில் வைத்து, முதல் பக்கத்தை மட்டும் தட்டினார்.

"அடுத்தது, டல்லக் வீடு. தெரு முழுக்க ஒரே அபிப்பிராயம். நம்ம ஹில்டா தெருதான், அவளுக்கே எல்லாம் தெரியும். காலி பண்ணச் சொல்லிடலாம். எதிர்ப்பு யாரும் இல்லையே?"

அந்த மூச்சு விடுகிற நேரம் வந்தது.

ஐரீனின் முகம் வந்தது. அடுத்த தேர்தல் வந்தது. தினமும் காலையில் பால் எடுக்கக் குனியும்போது எதிர்வரிசையிலிருந்து வரும் பார்வைகள் வந்தன.

"சரி, நிறை..."

"இருக்கு."

எலிக்குஞ்சு கத்தினது போல் இருந்தது. அவளுடைய குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம். நார்மன் சீட்டுக்கடியில் ஏதோ விழுந்துவிட்டதோ என்று குனிந்து பார்த்தார்.

"என்னம்மா?"

"எதிர்ப்பு இருக்கு, தலைவரே. நான் எதிர்க்கறேன்."

சிரிலின் சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, கண்ணில் மட்டும் இல்லை. "சினிமா பாத்துட்டுப் பேசறியா?"

"ஆமா."

"அது கதைம்மா! காசுக்கு எவனோ எடுத்தது!"

"தெரியும். இது கதை இல்லையே. அதான் சொல்றேன்."

"உன் தெருக்காரங்க உன்ன உண்டு இல்லன்னு ஆக்கிடுவாங்க. மே மாசம் எலெக்‌ஷன் இருக்கு, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு," என்றாள் ஹில்டா. கோப்பையைக் கீழே வைத்தாள்.

குழுவில் ஒருவர் எதிர்த்தாலும் விஷயம் அங்கே முடியாது. முழு மன்றத்துக்குப் போக வேண்டும். கதவைத் திறந்து வைத்து, ஊரார் கேட்க, சம்பந்தப்பட்டவளும் வந்து பேசலாம். விதி அப்படித்தான் இருந்தது. யாரும் பயன்படுத்தியதில்லை, அவ்வளவே. சிரில் தெர்மாஸ் மூடியை இறுக்கித் திருகினார். ஹில்டாவுக்கு ஒருவரும் "வரேன்" சொல்லவில்லை.

பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் தூறலில் நடந்தே வந்தாள். ஒவ்வொரு திருப்பத்திலும் 'ஓடிப்போய் சிரிலிடம் வாபஸ் சொல்லிவிடலாமா' என்றிருந்தது. தெருமுனையில் ஐரீன் குடையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"என்னடி, முடிஞ்சுதா? எப்ப காலி பண்றா?"

"முடியல ஐரீன். முழு மன்றத்துக்குப் போகுது. ஒருத்தர் எதிர்ப்புச் சொல்லிட்டாங்க."

"எந்தப் படுபாவி? அந்த நார்மன் கிழமா?"

"நான்தான்."

ஐரீன் திட்டவில்லை. குடையைக் கொஞ்சம் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டு, அங்கே யாருமே நிற்காதது போல் அவளைத் தாண்டிப் போனாள்.

ஹில்டாவின் கால்கள் தன் வீட்டுப் பக்கம்தான் திரும்பின. எப்படியோ அவற்றை இழுத்துக்கொண்டு போய் மொரீன் வீட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளே குழந்தைகளின் சத்தம் சட்டென்று நின்றது. கதவு ஒரு கை அகலம் திறந்தது. தூக்கம் கெட்ட கண்கள்.

"என்ன, எப்ப போறேன்னு கேக்க வந்தியா?"

"இல்ல மொரீன். வியாழக்கிழமை மன்றக் கூட்டம் இருக்கு. நீ வந்து பேசலாம். அதச் சொல்லத்தான் வந்தேன்."

"எதுக்கு? எல்லாரும் திட்டறத நின்னு கேக்கவா?"

"திட்டுவாங்கதான். எனக்கும் சேத்துத்தான் விழும்."

மொரீன் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். நம்பவில்லை என்பது நன்றாகத் தெரிந்தது.

"உள்ள வரியா, இல்ல தெரு பூரா பாக்கட்டும்னு இங்கயே நிக்கப் போறியா?"

ஹில்டா திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையே இல்லை, பிடரி கூசியது. பயம் காலையில் இருந்தது போலவே இருந்தது. ஷூவை மிதியடியில் தேய்த்துவிட்டு உள்ளே போனாள்.