மறுத்த பழக்கங்களின் பட்டியல்

பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வுக்காரப் பெண் குறிப்பேட்டில் எழுதிய பழக்கம் எதுவும் மறுநாள் முதல் அந்தத் தெருவில் யாருக்கும் செய்ய வரவில்லை. முதலில் போனது முடிதிருத்துபவரின் ஊதல். கத்தரியின்மேல் ஒருமுறை ஊதிவிட்டுத்தான் வெட்டத் தொடங்குவார். செவ்வாய்க்கிழமை அது குறிப்பில் ஏறியது. புதன்கிழமை கன்னம் உப்பியது, காற்று வரவில்லை. அடுத்த வாரம், ஐஸ் ஆலைக்காரர்கள் வேலைக்குப் போகும்போது ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொள்வது போயிற்று. ஓங்கிய கைகள் பாதியில் நின்றன. மனிதர்கள் வாழும் விதத்தை நல்லது கெட்டது சொல்லாமல், கூடவே இருந்து பார்த்து எழுதுவதுதான் தன் படிப்பு என்று அவள் வந்த அன்றே சொல்லியிருந்தாள். எழுதியதை அடித்தாள், கிழித்தாள், எரித்தும் பார்த்தாள். போனது போனதுதான். பேராசிரியருக்குக் கடிதம் போட்டாள். பார்க்கப்படுகிறோம் என்று தெரிந்தால் மக்கள் மாறுவது இயல்பு, தொடர்ந்து எழுதவும் என்று பதில் வந்தது.

அவளுக்கு மாடி அறையை விட்டிருந்தவள் தையற்காரி. கணவர் லாரி ஓட்டுநர். அவர் கிளம்பியதும் அவருடைய வீட்டுச் செருப்பை எடுத்து, முனை உள்ளே பார்க்கும்படி திருப்பி வைப்பாள். பதினெட்டு வருடமாக அவர் திரும்பி வராமல் இருந்ததில்லை.

"தங்கச்சி, என்ன வேணா எழுது. இதை மட்டும் விட்டுடு."

"சத்தியமா எழுத மாட்டேன்க்கா."

"முடிவெட்டுறவர்கிட்டயும் இப்படித்தான் சிரிச்சே."

வாக்கை அவள் மீறவில்லை. ஆனால் எழுத வேண்டாமென மறுத்தவற்றையும் தேதியோடு கடைசிப் பக்கத்தில் பட்டியலிட வேண்டும் என்பது அவள் கற்ற முறை. அன்று மாலையே எழுதினாள்: தையற்காரி, செருப்பு, எழுத வேண்டாம் என்றார்.

மறுநாள் ஓட்டுநர் கிளம்பியதும் தையற்காரி குனிந்தாள். செருப்பு தரையை விட்டு வரவில்லை. கடப்பாரை போட்டு நெம்பியும் அசையவில்லை.

நான்காம் நாள் மாலை ஆறு மணிக்கு அவர் தெருவுக்குள் வந்தார். வாசலை நெருங்கியும் கால் நிற்கவில்லை. பிடித்து இழுத்தவர்களும் கூடவே தெருமுனை வரை போனார்கள். அங்கே அவர் மறைந்தார், அவர்கள் கை வெறுங்கையானது.

"இதோ வந்துட்டேன்மா" என்றார், கடந்தபடியே.

"எங்க வந்தீங்க? போயிட்டே இருக்கீங்க!"

அன்றிலிருந்து தினமும் ஆறு மணிக்கு வந்தார், போனார். ஏழு வருடம் ஆயிற்று. ஆய்வு புத்தகமாகி, முதலாண்டு மாணவர்களுக்குப் பாடமும் ஆனது. ஆய்வுக்காரப் பெண் மாடி அறையைக் காலி செய்யவில்லை. ஒரு நாள் குறிப்பேட்டோடு இறங்கி வந்தாள்.

"அக்கா, நீங்க அவருக்காகக் காத்துக்கிட்டிருக்கீங்கன்னு ஒரு வரி எழுதிடட்டுமா? நாளையிலிருந்து உங்களுக்கு இந்தப் பாரம் இருக்காது."

தையற்காரி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அதையாவது எங்கிட்ட விட்டு வை."

பேனாவை மூடிவிட்டு அவளும் ஜன்னலருகே வந்து நின்றாள். எதிர்வீட்டார் வழக்கம்போல் கடிகாரத்தை ஆறு மணிக்குத் திருத்திக்கொண்டார்கள். ஓட்டுநர் வந்தார். தையற்காரி கம்பிகளுக்கிடையே சாப்பாட்டு டப்பாவை நீட்டி, நேற்றைய காலி டப்பாவை வாங்கிக்கொண்டாள்.

"மழை வர்ற மாதிரி இருக்கு. குடையைப் பிடிங்க."

அவர் நடந்தபடியே வாங்கி விரித்துக்கொண்டார்.