மதகுச் சுவரில் எங்கள் கோடுகள்

ஆனி மாதம் தண்ணீர் வருவதற்கு முன், அப்பா எங்களைக் காய்ந்த வாய்க்காலில் இறக்கி மதகுச் சுவரோடு சாய்த்து நிறுத்துவார். தலைக்கு மேல் அரிவாள் முனையால் ஒரு கோடு கீறுவார். எனக்குப் பதினெட்டு வயதான வருஷம், "நீதான் வளந்து முடிச்சிட்டியே" என்று என்னை விட்டுவிட்டார். தங்கை சுடர்விழிக்குப் பதினொன்று. அவள் கோடு போன வருஷக் கோட்டின் மேலேயே விழுந்தது.

"என்னண்ணே, சின்னவ நாத்தங்கால்லயே நின்னுட்டாளா?" கரையில் நின்ற ராஜாத்தி அத்தை சிரித்தார்.

சுடர் அன்று சாப்பிடவில்லை. "இனிமே வளரவே மாட்டேனாக்கா?"

மறுநாள் நான் மட்டும் போய்ச் சுவரோடு நின்று, தலையில் கை வைத்துப் பார்த்தேன். என் பழைய கோட்டுக்கு மூன்று விரல் கீழே இருந்தேன். சரியாக நிற்கவில்லை போலும் என்று நோட்டில் எழுதி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

தஞ்சாவூரில் டாக்டரம்மா சுடரின் கையை எக்ஸ்ரே எடுத்தார். எலும்பு முனைகளுக்கு அருகே மெல்லிய கறுப்புக் கோடுகள்.

"இது குருத்தெலும்பு. வளர்ற இடம். முத்த ஆரம்பிக்கிற செல்லுங்க ஒரு புரதத்த முனைக்கு அனுப்பும். முனை பதிலுக்கு இன்னொரு புரதத்த அனுப்பி, 'அவசரப்படாதீங்க, மத்ததெல்லாம் பெருகட்டும்'னு நிறுத்தி வைக்கும்."

"கடைமடைக்காரன் ஆளனுப்புவான், தலைமடைல தண்ணிய நிறுத்தி முறை வைப்பாங்க" என்றார் அப்பா.

"அதேதான். பருவம் முடிஞ்சா எல்லாம் எலும்பாயி, கோடு மூடிடும். இவளுக்குத் திறந்துதான் இருக்கு. அப்புறம் ஏன் வளரல? ஊசி போடணுமான்னு பார்க்கணும்."

சுடர் என் விரல்களை இறுக்கிப் பிடித்தாள்.

"நானும் மூணு விரல் கீழ இருந்தேன்" என்றேன்.

"சத்தமாச் சொல்லும்மா."

"நான் குட்டையாகல டாக்டர். வாய்க்கால தூர் வாரியிருக்காங்க. தரைதான் எறங்கியிருக்கு."

அப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார். தூர் வாரச் சொல்லி மனு கொடுத்ததே அவர்தான். "ஏன்டி, இத அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "ஊசியெல்லாம் வேணாம். ஆறு மாசம் கழிச்சு இங்க வந்து அளந்துக்கோங்க."

இப்போது சுடர் திருச்சியில் படிக்கிறாள். என்னோடு பேசும்போது கொஞ்சம் குனிகிறாள். தண்ணீர் வருவதற்கு முன் நான் இன்னமும் அந்தச் சுவரைப் போய்ப் பார்க்கிறேன். அவள் கோடுகள் ஏறிக்கொண்டே போகின்றன. என்னுடையவை வண்டல் சேர்ந்த வருஷம் மேலே, தூர் வாரிய வருஷம் கீழே.

ஏனென்றால் தஞ்சாவூர் போய் வந்ததற்கு அடுத்த ஆனியிலிருந்து அப்பா என்னைத்தான் முதலில் நிறுத்தினார்.

"அசையாம நில்லுடி. ஒன்ன வச்சுத்தான் அவள அளக்கணும்."