ஜன்னல் பக்கத்து வயலின்

அன்று காலை மூக்குக் கண்ணாடி இல்லாமல்தான் அவர் இசைத்தட்டு பிளேயரில் புது கார்ட்ரிட்ஜை மாட்டினார். கண்ணாடி, மனைவி வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையின் மேசை இழுப்பறையில் இருந்தது. கழன்று விழுந்த திருகை மாற்றித் தருவதாக முந்தின நாள் எடுத்துப் போனவள், மாற்றியும் முடித்து, கிளம்புகிற அவசரத்தில் அங்கேயே வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"சாயந்திரம் கண்ணாடி வந்துரும். அப்ப மாட்டக் கூடாதா?" என்றாள், பின்னலை முடிந்துகொண்டே.

"லிஃப்ட்டு குழிக்குள்ள இருட்டுல நின்னு வயர் மாட்டுற கை இது. இதுக்குக் கண்ணு எதுக்கு?"

கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. கீழே ஊசி, பின்னால் நான்கு முனைகள். அவ்வளவுதான் கார்ட்ரிட்ஜ். இசைத்தட்டின் கோடுகளில் இருப்பதை அதுதான் எடுத்துத் தர வேண்டும். விலை உயர்ந்தவற்றின் பக்கம் அவர் தலைவைத்துப் படுத்ததில்லை. கைக்கு எட்டும் விலையில் எது தேவலை என்பதே அவருடைய ஆராய்ச்சி. மூன்று வருடத்தில் இது நாலாவது. முதலாவதில் பாடகி சீறினாள். இரண்டாவதில் எல்லாரும் போர்வைக்குள்ளிருந்து பாடினார்கள். மூன்றாவது எல்லாவற்றையும் அடக்கமாகச் சொன்னது, ஆனால் தட்டின் கடைசிப் பாட்டில் தொண்டை கட்டிக்கொண்டது. ஒவ்வொரு முறையும் அதே தட்டு, அதே பாட்டு. அவளைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்துவிட்டு, "முன்னதா, பின்னதா?" என்பார். அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸை மாற்றி மாற்றி வைத்து நாள் முழுக்க மற்றவர்களிடம் கேட்கிற கேள்விதான் அது.

"ஊரையே உக்காரவச்சுக் கேக்குறியே, உனக்கும் அந்தக் கஷ்டம் தெரியட்டும்."

உண்மையில் அவளுக்கு வித்தியாசம் தெரிந்ததே இல்லை. வாய்க்கு வந்ததைச் சொல்வாள். அதையும் அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசிப்பார்.

அன்று பையைத் தோளில் மாட்டி, கதவைப் பிடித்தபடியே, அவர் அவசரமாக ஊசியை இறக்கிய இடத்தில் பாடகியின் குரலை மட்டும் அரை நிமிடம் கேட்டாள்.

"பழசா, புதுசா?"

"சாயந்திரம் உக்காந்து கேட்டுட்டு சொல்றேங்க."

"சொல்லணும். நழுவக் கூடாது."

நண்பகலில், ஏதோ ஒரு கட்டடத்தின் ஏழாவது மாடிப் படியில் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தவர் அப்புறம் எழுந்திருக்கவில்லை.

ஐந்து மாதங்கள் பிளேயரின் மூடியை யாரும் திறக்கவில்லை. பிற்பகல்களில் வெயில் அந்தக் கண்ணாடி மூடி மேல் ஏறி, மெல்ல நகர்ந்து, சுவரில் ஒரு வெளிச்சக் குளத்தை அசையவிட்டு இறங்கிப் போகும். அவள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சில நாள் பார்த்தபடியே தூங்கிப்போவாள். தூக்கத்தில் தட்டு ஓசையில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வந்தார். அண்ணனைப் போலவே அவருக்கும் இசைத்தட்டுப் பைத்தியம் உண்டு.

"ஒரு தடவை போட்டுப் பாக்கட்டுமா அண்ணி? புதுசு சரிப்படாது, பழசே இருக்கட்டும்னு அண்ணன்கிட்ட அடிச்சுச் சொன்னேன். பதிலே சொல்லாம போயிட்டாரு."

அவள் தலையசைத்தாள். யாரும் சொல்லாமலே நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். ஊசி இறங்கியது. அந்தப் பாட்டின் தொடக்கத்தில் எப்போதும் அலமாரிப் பக்கத்து ஸ்பீக்கரிலிருந்துதான் வயலின் எழும்பும். ஜன்னல் பக்கம் புல்லாங்குழல் பதில் சொல்லும். இப்போது அவள் கழுத்து தானாக ஜன்னலை நோக்கித் திரும்பியது. வயலின் அங்கே இருந்தது. வெளியே திரைக்கு அப்பால் யாரோ நின்று வாசிப்பதுபோல.

காதால் மட்டும் அவள் கண்டுபிடித்த முதல் வித்தியாசம் அது.

"அட, பக்கம் மாறி வருதே," என்று கொழுந்தன் குனிந்து பார்த்தார். "இதுல முனைங்க வேற வரிசை. அண்ணன் பழசு மாதிரியே மாட்டிருக்காரு. பக்கத்துலயே பொடிப் புள்ளியா கலர் போட்டிருக்கான், எப்படிப் பாக்காம விட்டாரு? ரெண்டு நிமிஷ வேலை அண்ணி. ஸ்க்ரூடிரைவர் எங்க இருக்கு?"

எப்படிப் பார்க்காமல் விட்டார் என்பது அவளுக்குத் தெரியும். இழுப்பறையின் இருட்டில், புதுத் திருகோடு மடங்கிக் கிடந்த கண்ணாடி நினைவில் வந்தது. எழுந்து போய் உள்ளங்கையை, ஊசியைத் தாங்கி நிற்கும் பிளேயரின் கைக்கு மேலே, படாமல், குடைபோலப் பிடித்தாள்.

"வேணாம்."

"தப்பா கேக்குது அண்ணி."

"கேக்கட்டும்."

"பழசை மாட்டி ஒத்துப் பாத்தாத்தானே எது தேவலைன்னு தெரியும்? அதுக்காவது கழட்டணுமே."

"கழட்ட வேணாம்."

அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார். தட்டின் அந்தப் பக்கம் முழுதும் ஓடியது. கடைசிப் பாட்டில் தொண்டை கட்டியதா இல்லையா என்று கேட்க முயன்றாள். தெரியவில்லை.

"புதுசு," என்றாள் சுவரைப் பார்த்து.

"நீங்களும் அண்ணன் கட்சிதானா," என்று சிரிக்கப் பார்த்தார் கொழுந்தன். முடியாமல் மூடியை மெதுவாக இறக்கினார்.

மறுநாள் கண்ணாடியைக் கடையிலிருந்து கொண்டுவந்து பிளேயர் பக்கத்தில் விரித்து வைத்தாள். கடை விட்டு வந்ததும் சில மாலைகளில் அந்தத் தட்டைப் போடுகிறாள். தூசு ஒட்டினால் ஊசியை மட்டும் சின்னத் தூரிகையால் துடைக்கிறாள். புல்லாங்குழல் அலமாரிப் பக்கம். வயலின் ஜன்னல் பக்கம்.